1911 சென்சஸில் ஒரு இங்கிலாந்து கிராமம்: தொழில் பத்தியை எப்படிப் படிப்பது?

வேம்படி ராஜா

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது நார்ஃபோக்கில், டிஸ் என்கிற சந்தை ஊருக்குப் பக்கத்தில். இங்கே உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள சிலர் சேர்ந்து 1911 சென்சஸ் தாள்களைப் படித்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். நானும் அதில் கைகொடுக்கிறேன். கூடவே அந்தக் காலத்துக் கெல்லி டைரக்டரியையும் (ஊர் விவரங்களும் வியாபாரிகள் பெயர்களும் அச்சிட்ட புத்தகம்) வைத்துப் பார்க்கிறோம்.

டைரக்டரியில் ஒவ்வொரு பாரிஷுக்கும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊருக்கும், ஒரு பகுதி உண்டு. தேவாலயம் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, ரெக்டருக்கு (அந்தத் தேவாலயத்தின் குரு) வருமானம் எவ்வளவு, அவருக்கான மானிய நிலம் எத்தனை ஏக்கர், மண் எப்படி, என்ன விளைகிறது, தபால் எத்தனை மணிக்கு வரும் என்று தொடங்கும். அப்புறம் வசதியுள்ளவர்களின் பெயர்கள். அதற்குக் கீழே கொல்லர், சக்கரத் தச்சர், செருப்புத் தைப்பவர், சேணம் தைப்பவர், மாவுமில்காரர், மளிகையோடு சேர்ந்த போஸ்ட் ஆபீஸ், பீர்க்கடை, சந்தை நாளில் நகரத்துக்குப் போய்வரும் பாரவண்டிக்காரர் என்று வரிசையாக வருவார்கள். படித்தால் ஊர் தனக்கு வேண்டியதையெல்லாம் தானே செய்துகொண்டது மாதிரி இருக்கிறது.

சென்சஸ் தாளில் தொழில் பத்தியை, அதாவது ஒவ்வொருவரின் தொழிலையும் எழுதும் கட்டத்தை, எடுத்தால் கதையே வேறு. வீட்டுக்கு வீடு பண்ணைக்கூலிதான். நடுநடுவே குதிரைக்காரர், மாட்டுக்காரர், ஆடு மேய்ப்பவர். கொல்லரும் தச்சரும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தட்டுப்படுகிறார்கள். இந்த இரண்டில் எதை நம்புவது?

மீனாட்சி டீச்சர்

ராஜா தம்பி, இரண்டையும் நம்பலாம். யாருக்காக எழுதினார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டைரக்டரி வியாபாரிகளுக்காகப் போட்ட புத்தகம். சொந்தமாகத் தொழில் நடத்தியவருக்குத்தான் அதில் இடம். கூலி வாங்கியவருக்கு இல்லை. ஊரில் பாதிக்கு மேற்பட்ட ஆண்கள் அந்தப் புத்தகத்தில் இல்லாமலே வாழ்ந்து முடித்திருப்பார்கள்.

1911 தாளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1841 முதல் 1901 வரை நமக்கு மிஞ்சியிருப்பது கணக்கெடுப்பாளர் படியெடுத்த புத்தகங்கள். 1911இல்தான் வீட்டுத் தலைவர் தன் கையால் நிரப்பிய தாளே காப்பகத்தில் இருக்கிறது. கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்றும் அதில் கேட்டார்கள். தொழில் பத்தியைப் படிக்கும்போது அதையும் விடாமல் படியுங்கள்.

பெண்களின் வரிக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். மனைவி வீட்டில் செய்யும் வேலையை எழுத வேண்டாம் என்பதே விதி. சிலர் எழுதியிருப்பார்கள், அலுவலக எழுத்தர் அதன்மேல் கோடு போட்டு அடித்திருப்பார். கோழி வளர்த்து முட்டை விற்றவள், துணி வெளுத்துக் கொடுத்தவள், அறுவடைக் காலத்தில் கதிர் பொறுக்கியவள், எல்லோருக்கும் பெரும்பாலும் வெற்றிடம்தான்.

இன்னொரு தொழிலும் உண்டு. பிரசவம் பார்த்து, செத்தவரைக் குளிப்பாட்டி உடுத்தியும் விட்ட கிராமத்து அம்மா. 1902இல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. சான்றிதழ் இல்லாமல், டாக்டரின் மேற்பார்வையும் இல்லாமல், காசுக்குத் தொடர்ந்து பிரசவம் பார்க்கக் கூடாது என்ற தடை 1910 ஏப்ரலில் அமலானது. அதாவது உங்கள் கையில் இருக்கும் தாளுக்கு ஒரு வருடம் முன்னால். அந்த அம்மா பழைய வேலையை விடாமல் செய்திருந்தாலும் 1911 தாளில் அதை எழுதத் துணிந்திருப்பாரா?

தச்சுப்பட்டறை முருகேசன்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஒருவருக்கு ஒரு தொழில் என்று பத்தி கேட்கிறது, ஊர் அப்படி நடக்கவில்லை. பீர்க்கடைக்காரரே பாரவண்டியும் ஓட்டுவார். தேவாலயத்தில் மணி அடிப்பவரே குழியும் தோண்டுவார், மற்ற நாளில் வேலி கட்டப் போவார். சக்கரத் தச்சர்தான் பல ஊர்களில் சவப்பெட்டியும் செய்தார், அடக்கத்துக்கான ஏற்பாடுகளையும் பார்த்துக்கொண்டார். எல்ம் மரப் பலகை எப்போதும் அவர் பட்டறையில் இருக்கும், ஈரத்துக்குத் தாங்கும்.

எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்தது அவர்கள் சக்கரம்தான். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடத்துக்கு (சக்கரத்தின் நடுக்கட்டை) எல்ம். அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், எத்தனை துளை போட்டாலும் பிளக்காது. ஆரக்காலுக்கு ஓக். அதை ரம்பத்தால் அறுக்க மாட்டார்கள், நார் போகிற போக்கிலே பிளந்து எடுப்பார்கள். அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, பாரம் ஏறும்போது அந்த இடத்தில் முறியும். வட்டைக்கு (வெளி விளிம்பு) ஆஷ் மரம், வளைந்து கொடுக்கும், அதிர்ச்சியைத் தாங்கும். மரம் காய ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுக்கணக்கு. குடத்துக்கான கட்டைகள் அதைவிட அதிக வருடம் கிடக்கும். அப்பா வாங்கிப்போட்ட மரத்தில் மகன் சக்கரம் செய்வது சாதாரண விஷயம்.

சக்கரம் தட்டையாக இருக்காது. லேசாகக் கிண்ணம் மாதிரி வெளிப்பக்கம் குழிந்திருக்கும். குதிரை நடக்கும்போது பாரம் இடமும் வலமும் ஆடும். தட்டைச் சக்கரமாக இருந்தால் அந்த ஆட்டத்திலே ஆரக்கால்கள் தளர்ந்துவிடும். குழிவு அந்த இடியை வாங்கிக்கொள்ளும்.

கடைசி வேலை கொல்லருடையது. இரும்புப் பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாக அளந்து பற்றவைப்பார். நெருப்பில் போட்டால் அது விரியும். இரண்டு மூன்று பேர் இடுக்கியால் தூக்கி வந்து, தரையில் பதித்த வட்டத் தட்டில் கிடக்கும் சக்கரத்தின்மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி உட்கார வைப்பார்கள். வட்டை பற்றிக்கொண்டு புகையும். உடனே வாளி வாளியாகத் தண்ணீர். பட்டை சுருங்கும்போது மூட்டுகள் எல்லாம் நெரிந்து இறுகும் சத்தம் கேட்கும். பட்டை அளவு கொஞ்சம் பெரிதானால் சக்கரம் தளர்ந்து நிற்கும், ரொம்பச் சிறிதானால் குழிவு அளவு மீறிப்போகும். தச்சரும் கொல்லரும் பக்கத்துப் பக்கத்தில் பட்டறை போட்டதற்கு இதுதான் காரணம்.

கறார் கந்தன்

சக்கரம் அழகுதான் முருகேசன் அண்ணே. ஆனால் இந்த இழை ‘ஆகா, அந்தக் காலம்’ என்கிற பக்கம் சாய்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ராஜாவின் தாளில் ‘பண்ணைக்கூலி’ என்று இருக்கிறதே, அவர் நிலை என்ன? வீடு பண்ணையாருடையது, வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். நார்ஃபோக்கில் செயின்ட் ஃபெய்த்ஸ் ஊரில் 1910இல் கூலிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது வாரத்துக்கு ஒரே ஒரு ஷில்லிங் கூடுதல். மாதக்கணக்கில் நின்றும் அது கிடைக்கவில்லை.

முதுமை இன்னும் மோசம். உடம்பு ஓய்ந்தால் பிள்ளைகள் தயவு, இல்லையென்றால் ஏழைகள் விடுதி. 1909 ஜனவரி 1 அன்று முதன்முறையாக முதியோர் பென்ஷன் கொடுத்தார்கள். எழுபது வயதானவருக்கு வாரத்துக்கு அதிகபட்சம் 5 ஷில்லிங். போஸ்ட் ஆபீஸில் போய் வாங்கிக்கொள்ளலாம், யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். 1911 தாளில் ‘முதியோர் பென்ஷன்’ என்று தொழில் பத்தியில் எழுதியிருக்கும் கிழவர்களைப் பார்க்கலாம். அந்த இரண்டு வார்த்தையை அவர்கள் எவ்வளவு நிம்மதியோடு எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஊர் தன் காலில் நின்றது என்று சொல்வதற்கு முன், நிலமும் வீடும் பள்ளிக்கூடமும் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். டிஸ் பக்கம்தானே இருக்கிறீர்கள், பர்ஸ்டன் தெரியுமா?

வேம்படி ராஜா

தெரியும் கந்தன். இங்கிருந்து சைக்கிளில் போகலாம். பலருக்குப் புதிதாக இருக்கும் என்பதால் முழுசாகச் சொல்கிறேன்.

ஆனி ஹிக்டன், டாம் ஹிக்டன் என்று ஒரு ஆசிரியத் தம்பதி. அம்மா தலைமையாசிரியை, ஐயா துணையாசிரியர். முன்பு வுட் டாலிங் என்ற ஊரில் இருந்தார்கள். பாடம் நடக்கிற நேரத்தில் பிள்ளைகளைப் பண்ணை வேலைக்கு இழுப்பதை எதிர்த்து, பள்ளி நிர்வாகத்தில் இருந்த விவசாயிகளோடு மோதல். 1911இல் பர்ஸ்டனுக்கு மாற்றினார்கள். அதே வருடம்தான் நம் சென்சஸும்.

பர்ஸ்டனில் பள்ளி நிர்வாகத் தலைவர் ரெக்டர் சார்ல்ஸ் ஈலண்ட். டாம் பண்ணைக்கூலிகளின் சங்க வேலையிலும் இறங்கியவர். 1894இல் வந்த சட்டத்தால் ஊருக்கு ஊர் பாரிஷ் கவுன்சில் இருந்தது, அதுவரை அங்கே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ரெக்டரும் விவசாயிகளும்தான். 1913 தேர்தலில் டாம் அதிக வாக்கு வாங்கி வந்தார், கூடவே கூலிக்காரர்களும் ஜெயித்தார்கள். ரெக்டர் தோற்றார்.

அதற்குப் பின் ஆசிரியர்கள்மேல் வரிசையாகப் புகார். மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் துணி உலர அனுமதி கேட்காமல் அடுப்பு மூட்டினார்கள் என்பதுகூட ஒரு குற்றச்சாட்டு. ஒரு சிறுமியை அடித்ததாகவும் சொன்னார்கள், ஆனி அதை மறுத்தார். முடிவில் இருவரையும் நீக்கினார்கள். 1914 ஏப்ரல் 1 அன்று, பள்ளியில் இருந்த 72 பிள்ளைகளில் 66 பேர் ‘எங்கள் டீச்சர்கள் திரும்பி வேண்டும்’ என்ற அட்டைகளோடு ஊர்வலம் போனார்கள். முன்னால் நின்றவள் வயலட் பாட்டர், பதின்மூன்று வயது.

முதலில் ஊர்ப் பொதுவெளியில் பாடம் நடந்தது. பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று 18 பெற்றோரைக் கோர்ட்டுக்கு இழுத்து ஆளுக்கு அரை கிரவுன் (இரண்டரை ஷில்லிங்) அபராதம் போட்டார்கள். ஊர் வசூல் பண்ணிக் கட்டியது. ரெக்டரின் மானிய நிலத்தில் குத்தகை வைத்திருந்த ஏழைகளுக்கு நிலத்தைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் போனது. பொதுவெளியிலிருந்து பாடம் ஒரு தச்சரின் பட்டறைக்கு மாறியது. 1917இல் சுரங்கத் தொழிலாளர்கள், ரயில்வே தொழிலாளர்கள் என்று நாடு முழுக்கத் தொழிற்சங்கங்கள் கொடுத்த பணத்தில் சொந்தக் கட்டடம் எழும்பியது. திறந்து வைத்தது அதே வயலட். 1939இல் டாம் இறக்கும்வரை அந்தப் பள்ளி நடந்தது. கட்டடம் இப்போதும் இருக்கிறது, ஒவ்வொரு செப்டம்பரிலும் அங்கே கூட்டம் கூடுகிறது.

தச்சுப்பட்டறை முருகேசன்

ராஜா, நீங்கள் சொன்னதில் எனக்கு வேண்டியது அந்தப் பட்டறைதான். ரெக்டர் நிலத்தில் இருந்தவர் வெளியேற்றப்பட்டார். பண்ணை வீட்டில் இருந்தவர் எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்ற பயத்தில் இருந்தார். பிள்ளைகளை உட்காரவைக்க இடம் கொடுத்தது கைத்தொழில்காரர். சொந்தப் பட்டறை, சொந்தக் கருவி வைத்திருந்தவருக்கு அந்தத் துணிவு இருந்தது. டைரக்டரியில் பெயர் வருவதற்கும் வராததற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கறார் கந்தன்

கொஞ்சம்தான் ஒத்துக்கொள்வேன். பட்டறை சொந்தம், சரி. வாடிக்கையாளர் யார்? வண்டியும் கலப்பையும் குதிரையும் வைத்திருந்தது பண்ணையார்கள். கணக்கை வருடத்துக்கு ஒருமுறை தீர்ப்பது வழக்கம். அதுவரை இரும்பும் மரமும் கரியும் தன் காசில் வாங்கிப்போட வேண்டும். இரண்டு பெரிய பண்ணைகள் வேலையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனால் கொல்லர் கதை முடிந்தது. அதனால்தான் அந்தத் தச்சர் செய்ததைப் பெரிய காரியமாகப் பார்க்கிறேன். இழக்க எதுவும் இல்லாமல் அவர் அதைச் செய்யவில்லை.

மீனாட்சி டீச்சர்

இதில் சபை வேறுபாட்டையும் விடக்கூடாது. ரெக்டரின் தேவாலயத்துக்குப் போகாமல் மெதடிஸ்ட் சிற்றாலயத்துக்குப் போனவர்களிடையேதான் கூட்டத்தில் எழுந்து பேசப் பழகியவர்கள் அதிகம். அங்கே பிரசங்கம் செய்ய ஊழியக்காரராகப் படித்திருக்க வேண்டியதில்லை, கூலிக்காரரும் செய்யலாம். நார்ஃபோக்கில் 1906இல் கூலிச் சங்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் எட்வர்ட்ஸ் அப்படி வந்தவர். ஆறு வயதில் வயலில் காக்கை விரட்டப் போனவர், பள்ளிக்கூடம் பார்க்காதவர், கல்யாணத்துக்குப் பிறகு மனைவியிடம் எழுத்துப் படித்தார். 1920இல் நாடாளுமன்ற உறுப்பினர். இவர் மாதிரி ஒருவரின் தாளில் தொழில் பத்தி என்ன சொல்லிவிட முடியும்?

ஹல் இளங்கோ

யார்க்‌ஷயரிலிருந்து எழுதுகிறேன். நார்ஃபோக்கில் இருந்த முறை நாடு முழுக்க இருந்ததில்லை. இங்கே கிழக்கு ரைடிங் என்ற கிழக்குப் பகுதியின் வோல்ட்ஸ் மேட்டுநிலத்தில் கல்யாணமாகாத பையன்கள் வருடக் கூலிக்குப் பண்ணையிலேயே தங்கினார்கள். நவம்பரில் மார்ட்டின்மஸ் சந்தை. டிரிஃபீல்ட் மாதிரி ஊர்களில் தெருவில் நிற்பார்கள், பண்ணையார் வந்து பேரம் பேசிக் கையில் ஒரு காசு வைப்பார். வாங்கிவிட்டால் ஒரு வருடம் கட்டு. சம்பளம் வருடக் கடைசியில்தான். அதனால் 1911 தாளில் இங்கே ஒரே வீட்டில் ஏழெட்டு இளைஞர்கள் ‘பண்ணை வேலையாள், வண்டிக்காரர்’ என்று இருப்பதைப் பார்க்கலாம். குதிரைப் பையன்களுக்குள் கண்டிப்பான வரிசை உண்டு. சாப்பாட்டு மேசைக்குப் போவதிலும் வயலுக்குப் போவதிலும் மூத்தவரை முந்தக் கூடாது.

இவர்கள் வண்டியும் வேறு மாதிரி. நடுவில் ஒரு நீளத் தண்டு, இரண்டு பக்கமும் குதிரைகள். ஓட்டுபவர் வண்டியில் உட்காராமல் இடப்பக்கக் குதிரைமேல் ஏறி ஓட்டுவார். ஸ்லெட்மியர் எஸ்டேட்டின் சர் மார்க் சைக்ஸ் இதைக் கவனித்தார். பின்னாளில் மத்தியக் கிழக்கைப் பங்குபோட்ட சைக்ஸ்-பீக்கோ ஒப்பந்தத்தில் பெயர் வருகிறதே, அவரேதான். ராணுவத்துக்கு இந்தத் திறமை வேண்டும் என்று வண்டியோட்டும் போட்டிகள் நடத்தி, வண்டிக்காரர்களைச் சேம வீரர்களாகப் பதியவைத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். சாதாரண வண்டிக்காரருக்கு வருடத்துக்கு ஒரு பவுண்டு. சும்மா கிடைக்கிற பணம் என்று ஊரில் நினைத்தார்கள்.

1914 ஆகஸ்டில் அறுவடை நடந்துகொண்டிருக்கும்போதே அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. துப்பாக்கி பிடித்துப் பழகாத பையன்கள் சில வாரத்துக்குள் பிரான்சில் ராணுவ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்லெட்மியரில் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. வயலில் நிற்பது, பெயர் கொடுப்பது, கடல் கடப்பது என்று கதை முழுவதும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பண்ணைத் தொழிலுக்கென்றே எழுப்பிய போர் நினைவுச்சின்னம் என்பதால் இந்தப் பக்கம் வருகிற எல்லோரையும் அங்கே அழைத்துப் போகிறேன்.

நெசவுக்காரன் பேரன்

நல்ல இழை. குதிரையும் வண்டியும் மட்டும் பேசுகிறோம், வீட்டுக்குள் நடந்த கைத்தொழில்கள் என்ன ஆயின? லேஸ் பின்னுவது, வைக்கோல் பின்னுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மீனாட்சி டீச்சர்

1911க்குள் அவை பெரும்பாலும் முடிந்த கதை. பெட்ஃபோர்ட்‌ஷயர் பெண்களும் பிள்ளைகளும் லூட்டன் தொப்பிக்காக வைக்கோல் பின்னினார்கள். சீனாவிலிருந்தும் அப்புறம் ஜப்பானிலிருந்தும் மலிவான பின்னல் வந்து இறங்கவும் ஒரு தலைமுறைக்குள் அந்தத் தொழில் சரிந்தது. தொப்பித் தொழிற்சாலைகள் நின்றன, கிராமத்துப் பின்னல் போனது. லேஸை நாட்டிங்ஹாம் இயந்திரம் முடித்தது. பக்கிங்ஹாம்‌ஷயர் பக்கம் சீமாட்டிகள் சங்கம் வைத்துக் கை லேஸைக் காப்பாற்றப் பார்த்தார்கள். 1911 தாளில் லேஸ் என்று எழுதியவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

தச்சுப்பட்டறை முருகேசன்

மரத்தில் ஒரு தொழில் அதன்பிறகும் தாக்குப்பிடித்தது. சில்டர்ன்ஸ் குன்றுகளில் பீச் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு, காலால் மிதிக்கும் கடைசலில் நாற்காலிக் கால் கடைந்தவர்கள். மேலே வளைந்த ஒரு கழியில் கயிறு, கீழே மிதிபலகை, மின்சாரமும் வேண்டாம் நீராவியும் வேண்டாம். மரம் பச்சையாக இருக்கும்போதே கடைவார்கள், அப்போதுதான் உளி வழுக்கிக்கொண்டு போகும். கணக்கு குரோஸில் (பன்னிரண்டு டஜன்): 144 கால், அவற்றோடு சேர்த்து 108 குறுக்குச் சட்டம். 36 நாற்காலிக்குச் சரியாக வரும். அதை ஹை விக்கம் தொழிற்சாலைகள் வாங்கிக் கோத்தன. தொழிற்சாலை வந்தால் கைத்தொழில் சாகும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே தொழிற்சாலையை நம்பித்தான் காட்டுக்காரர் பல பத்தாண்டுகள் பிழைத்தார்.

வேம்படி ராஜா

எங்கள் எல்லையிலும் ஒன்று உண்டு. சஃபோக்கின் பிராண்டனில் சிக்கிமுக்கிக் கல் உடைப்பவர்கள். பழைய துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைக்கும் பொறி இந்தக் கல்லிலிருந்துதான் வந்தது. அதற்குப் பதில் அடித்தால் வெடிக்கும் சின்ன உலோகத் தொப்பி வந்தபிறகு இங்கிலாந்தில் யாருக்கும் சிக்கிமுக்கி தேவைப்படவில்லை. ஆனால் ஆப்பிரிக்காவில் பழைய துப்பாக்கிகள் ஓடிக்கொண்டிருந்ததால் இருபதாம் நூற்றாண்டிலும் பிராண்டனிலிருந்து கல் கப்பலேறியது. அந்தத் தூள் நுரையீரலில் படிந்து பலர் இளவயதிலேயே செத்தார்கள். கந்தன் கேட்பாரே என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சரி, என் அடுத்த சந்தேகம். எங்கள் கொல்லர், தச்சர் குடும்பங்கள் போருக்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று பார்க்க வேண்டும். எங்கே தேடுவது?

மீனாட்சி டீச்சர்

1921 சென்சஸ் 2022 ஜனவரியில் திறந்தாயிற்று. ஜூன் 19 அன்று எடுத்தது. ஏப்ரலில் நடக்க வேண்டியது, சுரங்கப் போராட்டத்தால் தள்ளிப்போனது. உங்களுக்கு அதில் பெரிய வசதி, வேலை கொடுப்பவர் பெயரும் வேலை செய்யும் இடமும் கேட்டிருக்கிறார்கள். பண்ணைக்கூலி என்று நிற்காமல் எந்தப் பண்ணை என்றே தெரியும். கந்தன் கேட்ட ‘யார் கையில்’ என்பதற்கும் அங்கே பதில் கிடைக்கும்.

1931ஐத் தேட வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸ் தாள்கள் முழுவதும் 1942 டிசம்பரில் ஹேய்ஸில் நடந்த தீவிபத்தில் போய்விட்டன, அது குண்டுவீச்சும் இல்லை. 1941இல் போரால் சென்சஸே எடுக்கவில்லை. ஆகவே 1921க்கு அடுத்து 1939 செப்டம்பரில் எடுத்த தேசியப் பதிவேடுதான். நடுவில் கெல்லி டைரக்டரியின் பதிப்புகளை வரிசையாக வையுங்கள். ‘கொல்லர்’ என்ற பெயர் எந்தப் பதிப்பில் ‘கொல்லரும் மோட்டார் பழுதுபார்ப்பவரும்’ ஆகிறது, எதில் காணாமல் போகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கல்யாணப் பதிவேட்டில் மாப்பிள்ளை தொழிலும் இருவரின் தகப்பன் தொழிலும் 1837 முதல் உண்டு, இடைவெளியை அது நிரப்பும்.

வேம்படி ராஜா

மிக்க நன்றி டீச்சர். 1921இலிருந்து தொடங்குகிறேன், முதலில் வேலை கொடுத்தவர் பத்தியை வைத்துப் பண்ணைவாரியாகப் பிரிக்கிறேன். முருகேசன் அண்ணே, ஒரு தாளில் தச்சர் என்றும் ‘சொந்தக் கணக்கில்’ என்றும் இருந்து, அதே வீட்டில் இரண்டு மகன்கள் ‘தந்தையிடம் உதவி’ என்று இருந்தால் அந்தப் பட்டறைக்கு எத்தனை ஆள் தேவைப்பட்டிருக்கும் என்று உங்களிடம்தான் வந்து கேட்பேன்.

தச்சுப்பட்டறை முருகேசன்

தாளின் படத்தைப் போடுங்கள். ரம்பக்குழியில் மேலே ஒருவர், கீழே ஒருவர் வேண்டும். பட்டை மாட்டும் நாளில் கொல்லரோடு சேர்த்து மூன்று பேராவது வேண்டும். பக்கத்தில் கொல்லர் வீடு எது என்றும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.